மச்சான் வண்டிக்கு நான் கூட்டிய வேகம்

மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டு படுத்திருந்த ஒரு மனிதரின் வண்டியை, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய், அதன் இன்ஜின் கம்ப்யூட்டரை மாற்றி எழுத வைத்தவன் நான். அந்த மனிதர் என் அக்காவின் கணவர். வண்டி, தொண்டாமுத்தூரில் அவருடைய தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றிப் போகும் டீசல் பிக்கப். எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. சின்னப் பையன் செய்திருந்தால் திருட்டுத்தனம் என்று சொல்லி இரண்டு அறை கொடுத்து விட்டிருப்பார்கள். என் வயதுக்கு அதற்கு ஒரு பெயர்கூடக் கிடையாது.

என் தொழிலைச் சொன்னால் குற்றம் இன்னும் கூடும். பம்பு செட் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குத் தமிழில் கையேடு எழுதுகிறேன். ‘கோளாறு, காரணம், செய்ய வேண்டியது’ என்று மூன்று கட்டம் போட்டுக் கடைசிப் பக்கத்தில் ஓர் அட்டவணை வருமே, அது என் படைப்பு. இருபது வருடமாக அதன் முதல் வரி, ‘மோட்டார் ஓடவில்லை என்றால் மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும்’. கடைசி வரி, ‘தாங்களாகவே எதையும் மாற்ற வேண்டாம்’. இரண்டையும் யாரும் படிப்பதில்லை என்று நான் வருத்தப்படுவதுண்டு. எழுதியவனே படிக்கவில்லை என்பது இப்போதுதான் தெரிந்தது.

மச்சானுக்கு இடது முழங்காலில் ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா என்னைக் கூப்பிட்டாள். “வண்டி சும்மா நின்னா பேட்டரி செத்துப்போயிருங் கண்ணு. வாரத்துக்கு ஒருக்கா பொள்ளாச்சிக்கு ஒரு லோடு கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்துரு. உனக்கும் நாலு எடம் பார்த்தாப்பல இருக்கும்.” நாலு இடம் பார்க்காமல் நான் வாடிக் கிடக்கிறேன் என்பது அவளுடைய நெடுநாள் கருத்து.

வண்டி மெதுவாகத்தான் போனது. தேங்காய் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி ரோட்டில் போனால் பஸ்கள் முந்தும், லாரிகள் முந்தும். ஒருநாள் புல்லுக்கட்டு ஏற்றிய மொபெட் ஒன்று முந்திப் போனது. ஓட்டிய அம்மாள் திரும்பிப் பார்த்து, வழி விட்டதற்கு நன்றியாகத் தலையை ஆட்டினார். நான் வழி விடவில்லை. அதுதான் அடியாகப் பட்டது.

புத்தகம் படிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பற்றியும் முப்பது பக்கம் படித்துவிட்டால் அந்தத் துறையில் தங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். இப்போதைய டீசல் இன்ஜினில் எவ்வளவு டீசல், எந்த நொடியில், எவ்வளவு அழுத்தத்தில் உள்ளே போக வேண்டும் என்பதை ஒரு சின்னக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்குள் இருக்கும் கணக்கை மாற்றி எழுதினால் அதே இன்ஜின் கூடுதலாக இழுக்கும். இவ்வளவும் நான் ஒரே மத்தியானத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. அடுத்த வாரம், பட்டறைகள் நிறைந்த கணபதி என்ற இடத்தில் நின்றேன்.

கணபதியில் லேத்து பட்டறைக்கும் கிரைண்டர் பட்டறைக்கும் நடுவே ஒரு ஷெட்டில் அந்த வேலையைச் செய்பவர் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, காதில் பேனா. லேப்டாப்பைப் பூஜை சாமான்போல் மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவ்வளவு மரியாதையான ஆளை நான் பார்த்ததில்லை. வண்டியின் பானெட்டைத் திறக்கும் முன் என்னிடம், “தொறந்துக்கட்டுங்களா?” என்று கேட்டார்.

அங்கேதான் நாங்கள் இருவரும் சேர்ந்து அந்தத் தப்பைச் செய்தோம். எங்கள் ஊர்ப்பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தவர்களுக்கு இது புரியும். பரிமாறுகிறவர், “இன்னுங் கொஞ்சம் வைக்கட்டுங்களா?” என்பார். வேண்டாம் என்றால் சமையலைக் குறை சொன்னதாகிவிடும். ஆகவே, “வைங்க” என்போம். இவர் சாப்பிட்டுவிட்டாரே, இன்னும் வேண்டுமோ என்னவோ என்று அவர் மறுபடியும் கேட்பார். கேட்டுவிட்டாரே என்று நாமும் தலையாட்டுவோம். வயிறு வெடிக்கும்வரை யாருக்கும் நிறுத்தத் தைரியம் வராது.

அவர் முதலில் லேசாக ஒரு மாற்றம் செய்து ஓட்டிப் பார்க்கச் சொன்னார். ஓட்டினேன். நன்றாகவே இருந்தது.

“போதுங்களா? இல்ல, இன்னுங் கொஞ்சம் ஏத்தட்டுங்களா?”

“உங்களுக்கு எப்படித் தோணுதுங்களோ அப்படி.”

“உங்க இஷ்டந்தானுங்க.”

“சரி, ஏத்துங்க.”

ஏற்றினார். மறுபடி ஓட்டினேன். மறுபடி கேட்டார். மறுபடி தலையாட்டினேன். மூன்றாவது தடவை ஏற்றியபின் ஆக்ஸிலேட்டரைத் தொட்டபோது கணபதியின் சுவர் விளம்பரங்கள் எல்லாம் ஒன்றாக ஓடின. எனக்குப் பயம் வந்தது. அதை மகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

நான்கு நாட்கள் சந்தோஷமாக இருந்தேன். மொபெட்டுகள், பஸ்கள், ஒரு போலீஸ் ஜீப் எல்லாவற்றையும் முந்தினேன். ஜீப்பை முந்தியதற்காக உடனே வேகத்தைக் குறைத்து அவர்களை முன்னால் போகவும் விட்டேன்.

ஐந்தாம் நாள் முழு லோடோடு ஒரு ரயில்வே மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். பாதி ஏற்றத்தில் மீட்டருக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. அடுத்த நொடி வண்டியின் உயிர் போனதுபோல இழுவை முழுதும் நின்றது. காலைத் தரைவரை அழுத்தினாலும் ஒன்றும் நடக்கவில்லை. பின்னால் ஒரு டவுன் பஸ், என் பின்கதவை முத்தமிடும் தூரத்தில் ஹாரனை அழுத்திப் பிடித்தபடி வந்துகொண்டிருந்தது. நடைவேகத்தில் பாலத்து உச்சியைத் தாண்டி, இறக்கத்தில் உருட்டி ஓரமாக நிறுத்தினேன். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. சாவியை அணைத்துப் போட்டதும் வண்டி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடியது.

கணபதிக்காரர் ஸ்டீயரிங்குக்கு அடியில் இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார். திரையில் ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்தன. “டீசல் பிரஷர் கம்மின்னு சொல்லுதுங்க. கம்மியானா இன்ஜின் தன்னையே காப்பாத்திக்கறதுக்கு இழுவையைக் குறைச்சுக்கும். சென்சார் ஒயரு லூஸா இருக்குமுங்க.” ஒயரைத் துடைத்து மாட்டினார். எண்களை அழித்தார். ஷெட்டைச் சுற்றி ஓட்டிக் காட்டினார். விளக்கு எரியவில்லை.

அடுத்த வார லோடில் மறுபடி, அதே பாலம், அதே விளக்கு. இந்தத் தடவை சென்சாரையே மாற்றினார். அழித்தார். கணபதியின் சமதளச் சந்துகளில் எங்கே ஓட்டினாலும் வண்டி தங்கமாக இருந்தது. லோடு ஏற்றி மேட்டில் போனால்தான் இழுவை விழுந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிமுன் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும் குழந்தையைப்போல அது அவர்முன் நடந்துகொண்டது.

நானே கைபேசியோடு பேசும் ஒரு சின்ன ஸ்கேனரை வாங்கிக்கொண்டேன். அதன்பின் சர்க்கரை நோயாளிபோல் காலையில் வெறும் வயிற்றில் ஒருமுறை, சாப்பாட்டுக்குப் பின் ஒருமுறை வண்டியைப் பரிசோதித்தேன். என் மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ஏனுங்க, எனக்கு இப்படி ஒருநாளாச்சும் பிரஷர் பார்த்திருக்கீங்களா?” என்றாள். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். “அண்ணங்கிட்ட சொல்லிப்போடுங்க. இல்லாட்டி நான் சொல்லிருவேன்” என்று கெடுவும் வைத்திருந்தாள்.

சொல்வதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டாமுத்தூர் போனேன். மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். பதினெட்டில் என்னைப் பார்த்தார். இருபதை முடித்துவிட்டு, “வாங்க மாப்ளே” என்றார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். ஆனாலும் முப்பது வருடத்தில் ஒருநாளும் என்னை ‘ங்க’ இல்லாமல் பேசியதில்லை. திட்டுகிறவராக இருந்தால் சொல்லிவிட்டிருப்பேன். அவர் திட்ட மாட்டார் என்பதுதான் பயமாக இருந்தது.

“வண்டி எப்படீங்க, தொந்தரவு ஏதும் பண்றதில்லீங்களே?”

“நல்லா இருக்குதுங் மச்சான்.”

“டாக்டரு ஓட்டலாம்னு சொல்லிப்போட்டாருங்க. வர்ற பதினோராம் நாளு நல்ல நாளு. வால்பாறையில பொண்ணுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்திருக்காங்கல்லங்க, அன்னிக்கே பால் காய்ச்சீரலாம்னு. பீரோ, கட்டலு, கிரைண்டரு, அரிசி நாலு மூட்டை எல்லாத்தையும் ஒரே லோடாப் போட்டு நானும் உங்கக்காளும் ஏறிர்றமுங்க.”

வால்பாறைக்கு ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் முழங்கால் உயரச் சுவர், அதற்கப்புறம் காற்று.

“நான் ஓட்டிட்டு வர்றனுங் மச்சான். உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

“மூணு மாசமா ஸ்டேரிங்கையே தொடலீங்க மாப்ளே. கை அரிக்குதுங்க.”

அக்கா காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, “சாமி படத்தையும் பால் சொம்பையும் மடியில வெச்சுட்டு முன்னாடியே உக்காந்துக்குவேன். பின்னாடி வெச்சா உருண்டுபோயிரும்” என்றாள். சொம்பை மடியில் வைத்தபடி அவள் பின்பக்கமாக உருண்டுபோவது என் கண்ணுக்குத் தெரிந்தது. காப்பி இறங்கவில்லை. சர்க்கரை குறைவோ என்று அவள் இன்னொரு கரண்டி போட்டாள். அதையும் குடித்துவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்பினேன்.

கணபதிக்காரரிடம் பதினோரு நாள் கணக்கைச் சொன்னேன். முதல்முறையாக அவர் முகத்தில் மரியாதையைத் தாண்டி ஏதோ தெரிந்தது. “அப்படீன்னா கோளாறை நடக்கறப்பவே புடிக்கோணுமுங்க. லோடு ஏத்தி, மலையில, லேப்டாப்பைச் சொருகிட்டு” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “நீங்க ஓட்டுவீங்களா? நான் திரையைப் பார்க்கோணும்” என்றார்.

இரண்டு நாள் கழித்து முப்பது மணல் மூட்டையை ஏற்றிக்கொண்டு காலை எட்டு மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட்டைத் தாண்டினோம். அவர் பக்கத்து இருக்கையில், மடியில் லேப்டாப். அது அக்கா உட்காரப்போகும் இடம். திரையில் இரண்டு கோடுகள் ஓடின. சிவப்பு, இன்ஜின் கேட்கும் டீசல் அழுத்தம். பச்சை, அதற்குக் கிடைக்கும் அழுத்தம். சமதளத்தில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தன.

ஐந்தாவது வளைவில், “லேசாப் பிரியுதுங்க” என்றார்.

ஏழாவதில், “நல்லாப் பிரியுதுங்க” என்றார்.

“திரும்பிரலாமுங்களா?”

“இன்னுங் கொஞ்சம் போலாமுங்க” என்றார். நானும் பழக்கதோஷத்தில், “சரிங்க” என்றேன்.

ஒன்பதாவது வளைவின் நடு மடக்கில் விளக்கு எரிந்தது. இந்தத் தடவை இழுவை குறைவதோடு நிற்கவில்லை, இன்ஜினே அணைந்தது. அந்த அமைதியை நான் மறக்க மாட்டேன். மலையில் ஒரு பறவை கத்துவதுகூடக் கேட்டது. பிறகு வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது.

பிரேக்கை மிதித்தேன். நின்றது. பயத்தில் காலை எடுத்து மறுபடி மிதித்தேன். மறுபடியும் எடுத்து மிதித்தேன். இன்ஜின் ஓடாதபோது பிரேக்குக்கு உதவி இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும் என்பதை நான் படித்திருந்தேன். படித்தது அடுத்த மிதியில் பெடல் கல்லாக மாறியபோதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு காலாலும் அதன்மேல் நின்றேன். கைப்பிரேக்கை இழுத்த இழுப்பில் தோள்பட்டை கழன்றுவிட்டதோ என்றிருந்தது. வண்டி ஓர் அடி, இன்னும் அரை அடி பின்னால் போய் நின்றது. பக்கக் கண்ணாடியில் அந்தக் குட்டைச் சுவரும், அதற்குக் கீழே, ரொம்பக் கீழே, ஆழியாறு அணையின் தண்ணீரும் தெரிந்தன. தண்ணீர் மிக அழகாக இருந்தது. அதுவும் பயமாக இருந்தது.

“புடிச்சாச்சுங்க!” என்றார் அவர், லேப்டாப்பைப் பார்த்து. அவர் சொன்னது கோளாறை.

“ஏனுங்க, கீழே எறங்கிக் கல்லு வைங்க” என்றேன். அது என் குரல் மாதிரியே இல்லை.

“சேவ் பண்ணிர்றனுங்க.”

“கல்லு வைங்க!” என்றேன். என் வாழ்வில் அவ்வளவு மரியாதையான ஒரு மனிதரிடம் அப்படிக் கத்தியது அன்றுதான். அப்போதும் ‘ங்க’ விட்டுப்போகவில்லை.

அவர் குதித்து இரண்டு பின்சக்கரத்துக்கும் கல் வைத்தார். மேலேயிருந்து ஒரு பஸ் இறங்கி வந்து எங்கள் முகத்துக்கு நேரே நின்றது. டிரைவர் தலையை நீட்டி, “என்னுங்ணா, சீனரி நல்லாருக்குதுன்னு நடுரோட்டுலயே டேரா போட்டுட்டீங்களா?” என்றார். பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் தாடை கேட்கவில்லை. இரண்டு காலும் இன்னும் பெடல்மேலேயே இருந்தன.

மணல் மூட்டைகளில் பாதியை அங்கேயே ஓரமாக இறக்கி, வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து மெதுவாகத் திருப்பி, கீழே வந்து ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினோம். அவர் டீசல் பில்டரைக் கழற்றினார். கடுங்காப்பி நிறத்தில் சேறு வடிந்தது. மச்சான் தோப்பில் டிராக்டருக்கென்று ஒரு பேரலில் டீசல் வைத்திருப்பார். அவசரத்துக்கு இந்த வண்டிக்கும் அதிலிருந்தே ஊற்றுவார். துருவும் தூசியும் சேர்ந்து பில்டரை அடைத்திருந்தது.

“பழைய கணக்குல இருந்தா இந்தப் பில்டரோடயே ஓடியிருக்குமுங்க. மெதுவாத்தான் போகும், ஆனா போகும்” என்றார். “நாம கேட்கறது எச்சாயிருச்சு, அளவுக்கு மிஞ்சிப்போச்சு. அந்தளவு டீசல் அதுக்கு வர்றதில்லீங்க. கேட்டுக் கேட்டுப் பார்த்துட்டு ஆஃப் ஆயிருது.”

“அப்ப எதுக்குங்க மூணாவது தடவை அவ்வளவு ஏத்துனீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “எனக்கு ரெண்டாவதே எச்சுன்னு தோணுச்சுங்க. நீங்க ஆசைப்பட்டுச் சரீன்னு சொல்றப்ப வேண்டாம்னா மனசு சங்கடப்படுவீங்களோன்னு...”

எனக்கு முதலாவதே போதும் என்று தோன்றியதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவர் மனசு சங்கடப்படும்.

புது பில்டர் போட்டு, டேங்கைக் கழுவி, பழைய கணக்கையே திரும்ப எழுதிவிடுவது என்று முடிவு செய்தோம். கணபதியில் வண்டி பேட்டரிக்குச் சார்ஜரை மாட்டி, லேப்டாப்பைச் சொருகி, ஆரம்பித்தார். திரையில் ஒரு பட்டை இடமிருந்து வலமாக நீண்டது. அது முடியும்வரை கரண்ட் குறையக் கூடாது, யாரும் எதையும் தொடக் கூடாது என்றார். நான் தும்மலை அடக்கிக்கொண்டு நின்றேன். அறுபத்தெட்டு சதவீதத்தில் பக்கத்துப் பட்டறையில் யாரோ வெல்டிங்கைப் போட்டார்கள். ஷெட்டில் விளக்கு மங்கியது. சார்ஜர் ‘டொக்’கென்றது. பட்டை நின்றது.

அவர் காத்திருந்தார். நானும். பட்டை அசையவில்லை. சாவியைத் திருப்பினார். மீட்டரில் ஒரு விளக்கும் வரவில்லை. அந்த மஞ்சள் விளக்கைக்கூட நான் தேடினேன்.

“செத்துப்போச்சுங்களா?”

“சாகலீங்க. மயக்கமாயிருக்குதுங்க” என்றார். ஆனால் காதிலிருந்த பேனாவை எடுத்து வாயில் கடித்துக்கொண்டார். நல்ல நாளுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே மச்சானுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு வியர்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

கம்ப்யூட்டர் பெட்டியை வண்டியிலிருந்து கழற்றி மேசைமேல் வைத்து, மூடியைப் பிரித்து, முடியளவு கம்பிகளை உள்ளே தொட வைத்து மறுபடி எழுதினார். எழுதும் முன், என்னைப் பக்கத்துப் பட்டறைக்கு அனுப்பினார். அங்கே வெல்டிங் செய்கிறவர் முன்னால் போய் நின்று, ஒரு மணி நேரம் வேலையை நிறுத்தும்படி கேட்டேன். அவர் முகக்கவசத்தைத் தூக்கி, “உயிரு கியிரு பிரச்சினைங்களா?” என்றார். “எங்கக்கா உயிருங்க” என்றேன். உடனே நிறுத்திவிட்டு, எனக்கு உட்கார ஒரு ஸ்டூலும் போட்டார். ஒரு மணி நேரமும் அக்காவுக்கு எந்த ஆஸ்பத்திரி என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

வண்டி பிழைத்தது. மறுநாள் அதே அளவு மணல் மூட்டைகளோடு, இந்த முறை நாற்பது வளைவும் ஏறினோம். சிவப்பும் பச்சையும் பிரியவே இல்லை. வண்டி பழையபடி மொபெட்டுக்கு வழிவிடும் வேகத்தில் போனது. அந்த மெதுவான போக்கைப்போல எதையும் நான் நேசித்ததில்லை.

ஆனால் பயம் ஒருமுறை குடிவந்தால் வாடகை கேட்டாலும் போகாது. ஒருமுறை வராத கோளாறு போய்விட்ட கோளாறா, ஒளிந்திருக்கும் கோளாறா? என் அட்டவணையில் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. அந்த நல்ல நாளன்று விடியற்காலம் தொண்டாமுத்தூரில் போய் நின்றேன். பீரோ, கட்டில், கிரைண்டர், அரிசி எல்லாம் ஏற்றிக் கயிறு கட்டியாகிவிட்டது. மச்சான் ஊன்றுகோலை அக்காவிடம் கொடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கைத் தடவிப் பார்த்து ஏறி உட்கார்ந்தார். அக்கா சாமி படத்தோடும் சொம்போடும் பக்கத்தில். இப்போதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். “மச்சான்...” என்றேன். “சொல்லுங்க மாப்ளே” என்றார், அவ்வளவு சந்தோஷமாக. “நானும் பின்னாடியே வாரனுங்க” என்றேன்.

என்னுடைய பழைய சின்னக் காரில் அவர்களுக்குப் பின்னாலேயே போனேன். பக்கத்து இருக்கையில் சக்கரத்துக்கு வைக்க இரண்டு மரக்கட்டைகள். அந்த வண்டி பின்னால் உருண்டால் முதலில் என்மேல்தான் ஏறும் என்பது தெரியும். அது நியாயம் என்றே பட்டது. ஒவ்வொரு வளைவிலும் அதன் பிரேக் விளக்கு எரியும்போதெல்லாம் எனக்கு மூச்சு நின்று, அணையும்போது வந்தது. ஒன்பதாவது வளைவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டேன். மூடவில்லை, அதற்கும் பயம். பதினைந்து, இருபது, முப்பது. வண்டி ஒரே சீராக, இரண்டாவது கியரில், கோயில் தேர்போல் ஏறியது. பின்னால் கார்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. நாற்பது என்று எழுதிய பலகையைத் தாண்டியபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெளியே குளிர்.

குவார்ட்டர்ஸில் பால் பொங்கியது. எல்லோருக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள். எனக்குக் கொடுத்த டம்ளரை நான் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததை அக்கா பார்த்துவிட்டாள். “என்ன கண்ணு, குளிருதா?” என்றாள். அதற்குமேல் தாங்கவில்லை. அங்கேயே, இன்னும் பிரிக்காத பீரோமேல் சாய்ந்துகொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன். கணபதி, பாலம், மணல் மூட்டை, ஒன்பதாவது வளைவு, மயங்கிய கம்ப்யூட்டர் எல்லாம். அக்கா சொம்பைக் கீழே வைத்தாள். “உனக்கு என்னடா கேடு வந்துச்சு?” என்றாள். அவள் என்னை ‘டா’ போட்டது இருபது வருடத்துக்குப் பின் அன்றுதான். ஓரளவு நிம்மதியாகக்கூட இருந்தது.

மச்சான் முழங்காலை ஒருமுறை தேய்த்துவிட்டார். டம்ளரில் மிச்சமிருந்த பாலைக் குடித்தார்.

“இன்னிக்கு மலை ஏறறப்ப ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா மச்சான்?” என்று கேட்டேன். “இழுவை, சத்தம், ஏதாச்சும்?”

“நான் எங்கீங்க அழுத்திப் பார்த்தேன்?” என்றார் அவர். “கண்ணாடியில பார்த்தா நீங்க முழிபிதுங்கப் பின்னாடி வந்துட்டிருந்தீங்க. பாவம், மாப்ளே காரு ஏற மாட்டீங்குதாட்ட இருக்குதுன்னு, உங்களுக்காகத்தானுங்க வழி நெடுகலும் மெல்லமாவே ஓட்டியாந்தேன்.”